தேர்த்துகளுக்குக் கீழே

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்புறச் சந்தில் எங்கள் ஓட்டு வீடு. கூடத்துக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். காலை ஒன்பது மணி வாக்கில் அதன் வழியே வெயில் சாய்ந்து இறங்கி, சிவப்புச் சிமெண்டுத் தரையில் சதுரமாக விழும். அந்த வெயிலுக்குள் தூசி ஏறும், இறங்கும், திரும்பும். மின்விசிறியைப் போட்டால் கலைந்து ஓடும். நிறுத்தினால் மெல்ல வந்து கூடும். எழுபதுகளின் தொடக்கம். பள்ளிக்கூடம் இல்லாத காலைகளில் நான் அதற்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வேன். தாத்தா ஈஸிசேரில் இருந்தபடியே, "என்ன பாப்பா, தேர்த்துகள் எண்றியா?" என்பார்.

தாத்தா கொத்தவால் சாவடியில் ஒரு பருப்பு மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்ந்தவர். செங்கல்பட்டுப் பக்கம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்தவர். எங்கள் பள்ளியில் அப்போது தசம பின்னம் நடத்திக்கொண்டிருந்தார்கள். புள்ளி வைத்துப் பத்துப் பத்தாக வெட்டிக்கொண்டே போகிற அந்தக் கணக்கு அவருக்குச் சப்பென்று இருந்தது. அவருடைய பின்னங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அரை, கால், அரைக்கால், வீசம். இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. 320இல் ஒன்று முந்திரி. அந்த முந்திரியையே ஒன்றாக வைத்துக்கொண்டு மறுபடியும் 320 பங்கு போட்டால் கீழ்முந்திரி. அதாவது 1,02,400இல் ஒன்று. அதோடு நிற்காது. இம்மி, மும்மி, அணு, குணம் என்று படி படியாக இறங்கி, கடைசியில் நுண்மணல், அதற்கும் கீழே தேர்த்துகள்.

"அதுக்கும் கீழே?" என்று கேட்டேன்.

"நெல்லு அளக்கறவனுக்கு இம்மி வரைக்கும் வந்தாலே ஜாஸ்தி. தேர்த்துகள் வரைக்கும் எவனும் அளந்ததில்ல. ஆனாலும் பேரு வெச்சிருக்கான் பாரு! அதுக்கும் கீழேன்னா கோயில்லதான் கேக்கணும்."

இன்றும் இந்தப் பட்டியலை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. எந்த மண்டியிலும், எந்த வரிக்கணக்கிலும் நுண்மணல் தேவைப்பட்டிருக்காது. தேவை முடிந்த இடத்தில் நிற்க மனம் வராமல், இன்னும் பிளக்கலாம், இன்னும் பிளக்கலாம் என்று யாரோ போயிருக்கிறார்கள். கணக்கு வாத்தியாருக்கு வந்த ஆசை அது.

பங்குனித் திருவிழாவின் ஏழாம் நாள் கபாலீசுவரர் தேர். வடம் பிடிக்கும் கூட்டத்துக்கு ஒதுங்கி, ஒரு கடைப்படியில் ஏற்றி நிற்க வைத்திருந்தார் தாத்தா. கட்டை கொடுத்துச் சக்கரத்தைத் திருப்புகிறவர்கள் கத்த, தேர் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி வந்து நிமிர்ந்தது. மாட வீதியெல்லாம் தார் ரோடுதான். ஆனாலும் சக்கரத்துக்கடியிலிருந்து புழுதி எழும்பிப் பக்கத்திலிருந்த நீர்மோர்ப் பானையின் மேல் படிந்தது. "இதான்" என்று தாத்தா என் கன்னத்தில் ஒட்டியதைத் துடைத்துக் காட்டினார். அவர் விரலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு துகள் தனியாகத் தெரியாது, புழுதியாகத் திரண்டால்தான் தெரியும் என்பது அன்று மனசில் விழுந்தது. இதையே ஒரு காப்பியம் வாதமாக வைத்திருக்கிறது என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன்.

அதற்குக் காரணம் ஓர் ஆசாரி. வடக்கு மாட வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் நாட்டிய நகை செய்கிறவர் இருந்தார். வெள்ளியில் நெத்திச்சுட்டியும் ராக்கொடியும் அடித்து, சிவப்புக் கெம்புக் கல் பதித்து, மேலே தங்க ரேக்கு ஒட்டுவார். பட்டடை, உமியோடு, ஊதுகுழல், குறடு எல்லாம் அவர் கை எட்டுகிற தூரத்தில் இருக்கும். எடை போடக் குன்றிமணி. கடையைப் பெருக்கிய குப்பையைக்கூட ஒருவர் காசு கொடுத்து வாங்கிப் போவார். அதைக் கழுவித் தங்கம் எடுப்பார்களாம்.

ரேக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது, "மூச்சு விடாத பாப்பா, பறந்துடும்" என்பார். இரண்டு தாள்களுக்கு நடுவே அது கிடக்கும். ஒரு தடவை ஓரத்தைக் குறட்டால் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். தங்கத்துக்கு ஊடாக வெளிச்சம் வந்தது. அதுவும் மஞ்சளாக இல்லை, பச்சையாக.

"இன்னும் மெலிசா தட்ட முடியுமா?"

"தட்டலாம். கிழியற வரைக்கும் தட்டலாம்."

"கிழிஞ்சப்புறம்?"

"அப்புறம் தங்கம் இருக்கும், ரேக்கு இருக்காது."

இதை அப்படியே தாத்தாவிடம் வந்து சொன்னேன். அவர் எழுந்து போய் மணிமேகலையை எடுத்துக்கொண்டு வந்தார். உ.வே.சாமிநாதையர் 1898இல் அச்சேற்றிய காப்பியம். அதன் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்தில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அவர்களில் ஆசீவகர் என்ற சமயத்தார் சொல்லும் பதில் முழுக்க அணு. நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்று ஐந்து வகை அணு. அவை புதிதாகத் தோன்றுவதில்லை. ஒன்று இன்னொன்றுக்குள் நுழைவதில்லை. நீரணு நிலவணுவாக மாறுவதில்லை. ஒன்று இரண்டாகப் பிளப்பதில்லை. அவலை இடித்தால் தட்டையாகப் பரவுகிறதே, அணு அப்படிப் பரவுவதும் இல்லை.

இந்த இடத்தில் தாத்தா விரலை வைத்துக்கொண்டு, "ஆசாரி தட்டறது தங்கத்த. அணுவ இல்ல" என்றார்.

அன்று இதைக் கேட்டபோது ஏற்பட்ட சிலிர்ப்பு பிற்பாடு பௌதிகம் படித்தபோதும் எனக்குக் குறையவில்லை. ரேக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம். அதற்குள் முந்நூறு நானூறு தங்க அணுக்கள் அடுக்கி நிற்கின்றன. அடி விழும்போது அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகின்றன, அணு தட்டையாவதில்லை. மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் 1909இல் இப்படிப்பட்ட தங்க ரேக்கின் மேல்தான் ஆல்ஃபா துகள்களை வீசிப் பார்த்தார்கள். சில துகள்கள் வந்த வழியே திரும்பின. அதை வைத்து ரதர்ஃபோர்டு 1911இல் அணுவுக்கு நடுவே கரு இருக்கிறது என்றார்.

எதிர்வீட்டில் சாஸ்திரிகள் ஒருவர். 1906இல் வி.கிருஷ்ணசாமி ஐயர் தொடங்கிய மயிலாப்பூர் சம்ஸ்கிருதக் கல்லூரியில் தர்க்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார். ஆசீவகர் கதையைத் தாத்தா அவரிடம் எடுத்துச் சொல்ல, அவர் வைசேஷிகம் என்ற தரிசனத்தை எடுத்தார். வெயிலில் மிதக்கிற தூசிதான் கண்ணுக்குத் தெரிவதில் கடைசிச் சிறிசு. அதற்குள் ஆறு பரமாணு என்பது வைசேஷிகர் கணக்கு. பரமாணுவோடு பிளப்பது நின்றுவிடும். ஏன் நிற்க வேண்டும்?

"நிக்கலேன்னா வம்பு, முதலியார்வாள். கடுகுக்கும் முடிவில்லாத பாகம், மேரு மலைக்கும் முடிவில்லாத பாகம். அப்போ ரெண்டும் ஒரே அளவுன்னு ஆயிடுமே!"

சித்தி உள்ளேயிருந்து வந்தாள். கடற்கரையில் ராணி மேரி கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். "ஒரே அளவுதான் மாமா" என்று சொல்லிவிட்டு, கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலில் உட்கார்ந்தாள். மேலே ஒரு புள்ளி. அதற்குக் கீழே சாண் நீளத்துக்கு ஒரு கோடு. அதற்கும் கீழே முழ நீளத்துக்கு இன்னொரு கோடு. மேல் புள்ளியிலிருந்து சரசரவென்று கீழ்நோக்கிக் கதிர்களை இழுத்தாள். எந்தக் கதிரை எடுத்தாலும் அது சாண் கோட்டை ஓரிடத்தில் வெட்டுகிறது. முழக் கோட்டையும் ஓரிடத்தில்தான் வெட்டுகிறது. மேலே ஒரு புள்ளிக்குக் கீழே ஒரு புள்ளி. ஒன்றுகூட மிச்சமில்லை. "சாணுல எத்தனை புள்ளியோ, முழத்துலயும் அத்தனையே. கேன்டார்னு ஜெர்மன்காரர். நூறு வருஷம் ஆகப் போகுது."

சாஸ்திரிகள் கோலத்தைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். நல்ல நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "சரியாத்தான் இருக்கு, கொழந்தே. ஆனா நீ சொல்ற புள்ளிக்கு நீளமும் கிடையாது, பருமனும் கிடையாது, எடையும் கிடையாது. கடுகைத் தாளிச்சா வெடிக்கும். உன் புள்ளி வெடிக்குமோ?"

தாத்தா தொடையில் தட்டிச் சிரித்தார். சித்தியும் சிரித்தாள். சாஸ்திரிகள் அதோடு விடவில்லை. தான் சார்ந்த கட்சியையே தாக்கத் தொடங்கினார். ஆதிசங்கரர் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் வைசேஷிகரை மடக்கும் இடம் அது. பாகமே இல்லாத இரண்டு அணு எப்படி ஒட்டும்? பக்கம் இருந்தால்தானே பக்கத்தோடு பக்கம் ஒட்டும். பக்கம் இருந்துவிட்டால் அதற்குப் பாகம் வந்துவிட்டது. பக்கமே இல்லையென்றால் ஒன்றுக்குள் ஒன்று முழுசாக முங்கிப் போகும். ஆயிரம் சேர்ந்தாலும் ஓர் அணு அளவுதான் இருக்கும், மலை எப்படி வரும்? அரிஸ்டாட்டில் தமது பௌதிக நூலின் ஆறாம் பகுதியில் இதே மாதிரிதான் வாதாடுகிறார் என்று பின்னால் படித்தபோது, எனக்கு அந்தத் திண்ணையும் மூக்குப்பொடி வாசனையும் நினைவுக்கு வந்தன.

அன்றைய வழக்கில் சித்தியும் ஜெயித்தாள், சாஸ்திரிகளும் ஜெயித்தார் என்பதே என் தீர்ப்பு. கோட்டுக்குப் பிளப்பு முடிவதே இல்லை. கடுகுக்கு எங்கோ முடிகிறது. அல்லது அதற்கு மேல் பிளந்தால் அது கடுகாக இருப்பதில்லை, ஆசாரி ரேக்கைப் பற்றிச் சொன்ன மாதிரி. வடிவக் கணக்கின் பதிலைப் பொருளிடம் எதிர்பார்க்கும்போதுதான் மேருவும் கடுகும் ஒன்றாகிவிடுமோ என்ற பயம் வருகிறது. ஆறு பரமாணு என்ற எண் தப்புதான். வெயிலில் மிதக்கும் தூசி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இருந்தால் அதற்குள் ஏறத்தாழ நூறு லட்சம் கோடி அணுக்கள் இருக்கும். ஆனால் கண்ணுக்கு எட்டாத ஒன்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணைச் சொல்லத் துணிந்தார்களே, அதற்குத் தலைவணங்குகிறேன்.

"கோயில்லதான் கேக்கணும்" என்று சொன்ன தாத்தா அதையும் செய்தார். கபாலீசுவரர் மேற்குப் பார்த்த சன்னிதி. பிராகாரம் சுற்றி வரும்போது கருவறைப் பின்சுவரில் லிங்கோத்பவர். அங்கே என்னை நிறுத்தினார். அடி தேடிப் பன்றியாகத் தோண்டிப் போகிறார் திருமால். முடி தேடி அன்னமாகப் பறக்கிறார் பிரமன். இரண்டு பேருக்கும் எட்டவில்லை. "இந்தக் கல்லு ஒசரம் எவ்ளோ? உன்னவிட ஒரு முழம் ஜாஸ்தி. இதுல முடிவில்லாதத எப்படிக் காட்டினான் சிற்பி, பாரு" என்றார். பார்த்தேன். தூணின் மேல் நுனியும் இல்லை, கீழ் நுனியும் இல்லை. அன்னம் பறக்கும் இடத்துக்கு மேலும், பன்றி தோண்டும் இடத்துக்குக் கீழும் தூண் மாடத்தின் விளிம்புக்குள் போய்விடுகிறது. முனையைச் செதுக்காமல் விட்டுவிட்டான், அவ்வளவுதான். கணிதப் புத்தகத்தில் கோட்டின் இரு முனையிலும் அம்புக்குறி போடுகிறோமே, அதைவிட இது எனக்கு நேர்த்தியாகப் படுகிறது.

வீட்டுக்கு வந்ததும் திருவாசகத்தில் திருவண்டப் பகுதி. அண்டங்கள் நூறு கோடிக்கும் மேலாக விரிந்து கிடக்கின்றனவாம். சிவன் பெருமைக்கு முன் அவை, வீட்டுக்குள் நுழையும் வெயிலில் நெருங்கி மிதக்கும் துகள்களைப் போலச் சிறுத்துத் தெரிகின்றனவாம். தாத்தா கண்ணாடி ஓட்டை நிமிர்ந்து பார்த்தார். மாணிக்கவாசகரும் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சாந்தோமிலிருந்து வரும் என் வகுப்புத் தோழி புதுநன்மை வாங்கியிருந்த புதிது. "ஃபாதர் அப்பத்தப் பிட்டாலும் ரெண்டு துண்டுலயும் ஏசு முழுசாத்தான் இருப்பாரு, பாதி பாதியா இல்ல" என்றாள். உபதேசியார் சொல்லிக் கொடுத்தது. டிரென்ட் பொதுச்சங்கம் 1551இல் உறுதி செய்த கோட்பாடு அது. தாத்தாவிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. முழுமையிலிருந்து முழுமையை எடுத்தாலும் எஞ்சுவது முழுமையே என்று உபநிடதத்து அமைதி மந்திரமும் சொல்கிறது என்று பக்கத்திலிருந்த சாஸ்திரிகளைப் பார்த்தார். சாஸ்திரிகள் தலையை ஆட்டினார். இறைவனைப் பற்றிய கணக்கில் பங்கு முழுசைவிடச் சின்னதில்லை. சித்தியின் கோலத்திலும் அதுதானே நடந்தது, முழத்தின் ஒரு துண்டான சாணில் முழத்தளவு புள்ளி! கேன்டாருக்கும் இந்த ஒற்றுமை உறுத்தியிருக்கிறது. தம்முடைய முடிவிலிகள் கடவுளின் முடிவிலிக்குப் போட்டியாகாது என்று விளக்கி, கர்தினால் ஃப்ரான்சலின் போன்ற இறையியலாளர்களுக்கு 1886 வாக்கில் கடிதம் எழுதினார்.

சபைகள் இந்த வடிவக் கணக்குக்குப் பயந்ததும் உண்டு. கோடு பிளக்க முடியாத துண்டுகளால் ஆனது என்று தங்கள் கல்லூரிகளில் போதிக்கக் கூடாது என ரோமில் இயேசு சபையார் 1632இல் தடை போட்டார்கள். மூன்று வருஷத்தில் கவாலியேரி அந்தத் துண்டுகளை வைத்தே ஒரு வடிவியல் நூலை வெளியிட்டார். அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால், 1530 வாக்கில், கேரளத்தில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் யுக்திபாஷை எழுதினார். வட்டத்தின் பரிதியைக் காண, கோட்டை அணு அளவுக்குத் துண்டு போடு, துண்டு சிறுக்கச் சிறுக்க விடை துல்லியமாகும் என்கிறார் அவர். எந்த மடமும் தடுக்கவில்லை. இந்த நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த கே.வி.சர்மா அடையாறில் இருந்துதான் பல காலம் உழைத்தார்.

அடையாறு என்றால் அந்த வயதில் எனக்கு ஆலமரம். தியசாபிகல் சொசைட்டி 1882இல் அங்கே இடம் வாங்கித் தலைமையகத்தை அமைத்தது. திரு.வி.க. பாலத்தைத் தாண்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி கூட்டிப் போவாள். நடு அடிமரம் அப்போது இருந்தது. 1989 புயற்காற்றில்தான் சாய்ந்தது. எந்த விழுதும் ஒரு மரம், எல்லாம் சேர்ந்தும் ஒரே மரம். ஒருநாள் லஸ் நடைபாதைக் கடையில் சித்தி ஒரு பழைய புத்தகம் வாங்கினாள். ஆக்கல்ட் கெமிஸ்ட்ரி, சொசைட்டியைச் சேர்ந்த அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் எழுதி 1908இல் வந்தது. மரத்தடியில் உட்கார்ந்து புரட்டினோம். பக்கத்துக்குப் பக்கம் படங்கள். இதய வடிவத்தில், கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றியது போல ஒன்று. அதன் பெயர் அணு. ஹைட்ரஜனுக்குள் அப்படிப் பதினெட்டு இருக்கின்றன என்றார்கள். 1895இல் தொடங்கி, ஞான திருஷ்டியால் பெரிதாக்கிப் பார்த்து வரைந்தவை என்று முன்னுரை. அவர்கள் காலத்துக்குப் பிறகும் 1951இல் அதே சொசைட்டியின் ஜினராஜதாசா மூன்றாம் பதிப்பை அடையாற்றிலிருந்தே கொண்டுவந்தார்.

எனக்குப் படங்கள் பிடித்திருந்தன. தாத்தாவிடம் காட்டினேன். அவர் மறுபடி 27ஆம் காதையைத் திறந்தார். அங்கே ஆசீவகர் சொல்கிறார்: தனி அணுவைத் தெய்வக் கண் உள்ளவர்தான் காண முடியும், மற்றவருக்குத் திரண்டால்தான் தெரியும், மாலை மங்கலில் ஒற்றை மயிர் தெரியாது, மயிர்க்கற்றை தெரிகிறதே, அது போல. "இவங்க தெய்வக் கண்ணுன்னு கிளம்பிட்டாங்க. நமக்கு மயிர்க்கற்றைதான் வழி" என்றார் தாத்தா.

இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பெசன்ட் அம்மையார் இந்த நாட்டுக்குச் செய்தது பெரிது. ஆனால் இந்தப் புத்தகத்தில் அவரும் லெட்பீட்டரும் கண்டது எதுவும் ஆய்வுக்கூடத்தில் நிற்கவில்லை. அந்தப் புத்தகம் வந்த அதே 1908இல் பாரிஸில் ழான் பெரின், தண்ணீரில் மிதக்கும் மரப்பிசின் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்தார். அணுவைப் பார்க்கவில்லை. துகள் எவ்வளவு தள்ளாடுகிறது, எந்த உயரத்தில் எத்தனை நிற்கின்றன என்று பொறுமையாக எண்ணினார். அந்த எண்ணிக்கையிலிருந்து அணு உண்டு என்பதையும், ஒரு கைப்பிடிப் பொருளில் எத்தனை உண்டு என்பதையும் நிறுவி, 1926இல் நோபல் பரிசு பெற்றார். ஒற்றை மயிரை விட்டுவிட்டுக் கற்றையை எண்ணியவர் அவர்.

சித்தி கல்யாணமாகித் தி.நகர் போனாள், அங்கே ஒரு பள்ளியில் முப்பது வருஷம் கணக்கு நடத்தினாள். நான் பௌதிகம் படிக்கப் போனேன். லஸ் சர்ச் ரோட்டில் ஏகாம்ர நிவாஸ் என்ற வீட்டைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்புக்கு நடப்பேன். அந்த வீட்டில்தான் அல்லாடி ராமகிருஷ்ணன் இளைஞர்களைச் சேர்த்துப் பௌதிகக் கருத்தரங்கு நடத்தினார். நீல்ஸ் போர் 1960இல் அங்கே வந்திருக்கிறார். அந்தக் கருத்தரங்கிலிருந்துதான் 1962இல் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. இப்போது தரமணியில் இருக்கிறது. நான் படித்த பௌதிகத்தில் அணு பிளந்துவிட்டது. கருவும் பிளந்தது. அதற்குள்ளிருக்கும் புரோட்டானுக்குள் குவார்க்குகள் உண்டு என்று 1964இல் சொன்னார்கள், பிறகு சோதனையும் ஆமென்றது. எலெக்ட்ரானுக்குள் இன்றுவரை எந்தப் பாகமும் தட்டுப்படவில்லை. நுண்மணலுக்குக் கீழே தேர்த்துகள் என்று சொல்லிவிட்டு, அதற்குக் கீழே வெற்றிடம் விட்ட தாத்தாவின் பட்டியல்தான் இன்றைய நிலவரமும்.

பள்ளி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அணு என்ற பாடத்தை 1808 டால்டனிலிருந்து தொடங்குகிறீர்கள். அதற்கு முதல் நாள் மணிமேகலையின் 27ஆம் காதையில் ஆசீவகர் பேசும் பகுதியை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்; கால் மணி நேரம்கூட ஆகாது. நாம் முந்திக்கொண்டோம் என்று மார்தட்டிக்கொள்ள வேண்டாம். எது பிளக்கும், எது பிளக்காது, காணாததை எப்படி அறிவது என்று தமிழில் கேட்ட கேள்வி பிள்ளைகள் காதில் விழட்டும். மூல நூல் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. 1943இல் தொடங்கியது, ஏட்டுச் சுவடிகளும் அச்சு நூல்களும் அங்கே உண்டு.